‘சமர்ப்பி’ பட்டனை அழுத்தும் முன்பே உங்கள் தகவல் போய்விடுமா? இணையப் படிவத்துக்குள் நடப்பது என்ன?

காப்பீட்டு பிரீமியம் எவ்வளவு வரும் என்று சும்மா பார்க்கலாமே என ஓர் இணையதளத்துக்குப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பெயர், மொபைல் எண், மின்னஞ்சல் முகவரி எல்லாம் டைப் பண்ணிவிட்டீர்கள். அப்புறம் மனசு மாறுகிறது. ‘இப்போ வேண்டாம்’ என்று பக்கத்தை மூடிவிடுகிறீர்கள். கீழே இருந்த ‘சமர்ப்பி’ பட்டனைத் தொடவே இல்லை.

உங்கள் மொபைல் எண் அந்த நிறுவனத்துக்குப் போயிருக்குமா, போயிருக்காதா?

“பட்டனையே அழுத்தலையே, எப்படிப் போகும்?” என்றுதான் நம்மில் பலர் சொல்வோம். காகிதப் படிவமாக இருந்தால் அந்தப் பதில் சரி. கவுன்ட்டரில் நீட்டும் வரை அது உங்கள் கையில்தான் இருக்கும். இணையப் படிவத்துக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. பெட்டியில் ஒவ்வோர் எழுத்தும் விழும்போதே அதைக் கவனிக்க அந்தப் பக்கத்தால் முடியும். கவனித்ததை வைத்து உங்களுக்கு உதவவும் முடியும், உங்களை அலைக்கழிக்கவும் முடியும், உங்களிடமிருந்து திருடவும் முடியும்.

இதெல்லாம் எப்படி நடக்கிறது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

படிவம் எப்படி ‘கேட்கிறது’?

இணையப் பக்கத்தில் நீங்கள் செய்யும் ஒவ்வொரு சிறு செயலையும் பிரவுசர் ஓர் ‘ஈவென்ட்’டாக, அதாவது நிகழ்வாக, எடுத்துக்கொள்கிறது. மவுஸை நகர்த்தினால் நிகழ்வு. விசையைத் தட்டினால் நிகழ்வு. பெட்டிக்குள் போனால் ஒன்று, வெளியே வந்தால் இன்னொன்று.

இந்த நிகழ்வுகள் தாமாக எதையும் செய்வதில்லை. அவை நடக்கும்போது என்ன செய்ய வேண்டும் என்று பக்கத்தை உருவாக்கியவர் ஜாவாஸ்கிரிப்டில் எழுதி வைப்பார். ‘இந்தப் பெட்டியில் இது நடந்தால் என்னைக் கூப்பிடு’ என்று பிரவுசரிடம் பதிவு செய்து வைப்பது போல. அப்படிப் பதிவு செய்யப்பட்ட நிரலுக்கு ‘லிஸனர்’ என்று பெயர். ஒரு பெட்டிக்குக் காது வைப்பது என்று புரிந்துகொள்ளலாம்.

மின்னஞ்சல் பெட்டி ஒன்றை நிரப்பும்போது பிரவுசர் அறிவிக்கும் முக்கிய நிகழ்வுகள் இவை:

- ஃபோகஸ்: பெட்டியைத் தொட்டு உள்ளே போகிறீர்கள்.
- கீடவுன், கீஅப்: விசையை அழுத்துகிறீர்கள், விடுகிறீர்கள்.
- இன்புட்: பெட்டியில் உள்ள எழுத்து மாறுகிறது. தட்டச்சு செய்தாலும், ஒட்டினாலும், அழித்தாலும், குரலில் சொன்னாலும் இது வரும்.
- பேஸ்ட்: வேறு இடத்திலிருந்து நகலெடுத்து ஒட்டுகிறீர்கள்.
- சேஞ்ச்: எழுத்தை மாற்றிவிட்டுப் பெட்டியை விட்டு வெளியேறுகிறீர்கள். டிக் பெட்டி என்றால், டிக் மாறிய உடனேயே வரும்.
- ப்ளர்: பெட்டியை விட்டு வெளியே வந்துவிட்டீர்கள்.
- சப்மிட்: படிவத்தை அனுப்பப் போகிறீர்கள்.

பட்டியலை இன்னொரு முறை பாருங்கள். நீங்கள் ‘அனுப்புகிறேன்’ என்று முடிவு செய்வது கடைசி வரியில்தான். மற்றவை எல்லாம் அதற்கு முன்பே நடந்து முடிந்துவிடுகின்றன.

இன்னொரு விஷயமும் உண்டு. ஒரு பெட்டிக்குள் நடக்கும் பெரும்பாலான நிகழ்வுகள் அந்தப் பெட்டியோடு நிற்பதில்லை. பெட்டியிலிருந்து படிவத்துக்கு, படிவத்திலிருந்து மொத்தப் பக்கத்துக்கு என்று தண்ணீருக்குள் குமிழி எழும்புவது போல மேலே போகின்றன. ஆகவே ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனியாகக் காது வைக்க வேண்டியதில்லை. பக்கத்தின் உச்சியில் ஒரே ஒரு காது வைத்தால் போதும், எல்லாப் பெட்டிகளிலும் நடப்பது தெரியும்.

எதற்காக இப்படி வடிவமைத்தார்கள்?

1995 மே மாதம், நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் என்பவர் பத்தே நாட்களில் ஜாவாஸ்கிரிப்டின் முதல் வடிவத்தை எழுதினார். டெலிபோன் லைன் வழியாக இணையம் ஊர்ந்துகொண்டிருந்த காலம் அது. ஒரு படிவத்தை நிரப்பி அனுப்பினால், அது சர்வருக்குப் போய், ‘தேதியைத் தவறாக எழுதியிருக்கிறீர்கள்’ என்று திரும்பி வரவே கணிசமான நேரம் ஆகும். திருத்தி அனுப்பினால் மறுபடியும் அதே கதை.

அனுப்பும் முன்பே, உங்கள் கணினியிலேயே தவறைக் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டால் அந்த அலைச்சல் மிச்சம். இந்த மொழிக்குக் கிடைத்த முதல் வேலைகளில் ஒன்று இதுதான். வேவு பார்க்கும் எண்ணத்தில் உருவானதல்ல.

நம் ஊர்ப் படிவங்களில் இது எங்கே உதவுகிறது?

பணம் அனுப்ப ஐஎஃப்எஸ்சி எண்ணை அடித்ததும் வங்கிக் கிளையின் பெயர் தானாக வருகிறதே, அது ஒரு நல்ல உதாரணம். அந்த எண்ணில் 11 குறியீடுகள். முதல் நான்கும் வங்கியைக் குறிக்கும் எழுத்துகள், ஐந்தாவது பூஜ்யம், கடைசி ஆறும் கிளை. பதினோராவது குறியீடு விழுந்ததும் ஸ்கிரிப்ட் போய்க் கிளையைத் தேடி எடுத்து வருகிறது. தவறான கிளைக்குப் பணம் போகாமல் தடுக்கும் உதவி இது.

பான் எண்ணும் அப்படித்தான். ஐந்து எழுத்து, நான்கு இலக்கம், மறுபடி ஓர் எழுத்து. தனிநபர் என்றால் நான்காவது எழுத்து ‘பி’யாக இருக்க வேண்டும். நிறுவனத்தின் பான் எண்ணைத் தனிநபர் படிவத்தில் போட்டால் அந்த நொடியிலேயே சொல்லிவிட முடியும்.

ஆதார் எண்ணின் 12 இலக்கங்களில் கடைசி இலக்கம் ஒரு சரிபார்ப்பு இலக்கம். வெர்ஹாஃப் என்ற கணக்கு முறையில், முதல் 11 இலக்கங்களிலிருந்து அது வருகிறது. ஓர் இலக்கத்தை மாற்றி எழுதினாலும், பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இரண்டு இடம் மாறிப்போனாலும், இந்தக் கணக்கு கண்டுபிடித்துவிடும். இந்தச் சோதனைக்கு அந்த எண் உங்கள் போனை விட்டு வெளியே போகவே தேவையில்லை. எண் உண்மையில் உங்களுடையதுதானா என்று பார்க்க மட்டும்தான் சர்வர் வேண்டும்.

அப்படியானால் படிவங்கள் ஏன் இவ்வளவு படுத்துகின்றன?

தவறான நிகழ்வுக்குக் காது வைப்பதும், தவறான விதியை எழுதுவதும்தான் பெரும்பாலும் காரணம்.

*குடும்பப் பெயர் கட்டாயம்:* தமிழ்நாட்டில் பலருக்கு இருப்பது ஒரு பெயரும் ஓர் இனிஷியலும்தான். ‘கடைசிப் பெயர் குறைந்தது மூன்று எழுத்து’ என்று படிவம் அடம்பிடித்தால் அவர்கள் என்ன எழுதுவார்கள்? அப்பா பெயரை எழுதுவார்கள், இல்லையென்றால் சொந்தப் பெயரையே இரண்டு முறை எழுதுவார்கள். பின்னாளில் பெயர் அடையாள அட்டையோடு பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பப்படும். தவறு விண்ணப்பதாரருடையதாகப் பதிவாகும். உண்மையில் அது விதியை எழுதியவரின் தவறு.

*தமிழ் எழுத்துக் கணக்கு:* ‘கிருஷ்ணமூர்த்தி’ என்ற பெயரில் எத்தனை எழுத்து? எட்டு என்பீர்கள். ஜாவாஸ்கிரிப்ட் 15 என்று சொல்லும். யூனிகோடில் ‘கி’ என்பது ‘க’ ஒன்று, இகரக் குறி ஒன்று என்று இரண்டாகச் சேமிக்கப்படுகிறது. ‘ர்’ என்றால் ‘ர’வும் புள்ளியும். 12 எழுத்துக்கு மேல் ஏற்க மாட்டேன் என்று ஒரு பெட்டி சொன்னால், எட்டு எழுத்துப் பெயர் பாதியிலேயே வெட்டுப்படும்.

*விசையை மட்டும் கவனிப்பது:* எந்த விசை அழுத்தப்பட்டது என்பதை ‘கீடவுன்’ நிகழ்வை வைத்துச் சோதிப்பது பழைய பழக்கம். ஆண்ட்ராய்டு திரை விசைப்பலகையில் பல நேரங்களில் எந்த விசையாக இருந்தாலும் 229 என்ற ஒரே எண்தான் வரும். குரலில் சொன்னால் விசையே கிடையாது. ‘அம்மா’ என்பதற்கு ஆங்கில விசைகளைத் தட்டும்போது, சொல் உருவாகி முடியும் முன்பே ஸ்கிரிப்ட் குறுக்கே புகுந்து பெட்டியைத் திருத்தினால் எழுத்து சிதறிவிடும். சொல் உருவாகிக்கொண்டிருக்கிறது, இப்போது முடிந்தது என்று சொல்லவே பிரவுசரில் தனி நிகழ்வுகள் இருக்கின்றன. அவற்றைக் கவனிக்காமல் எழுதிய படிவத்தில் தமிழ் தட்டச்சு செய்வது பெரும்பாடு.

*ஒட்ட விடாமல் தடுப்பது:* கடவுச்சொல் பெட்டியில் ‘பேஸ்ட்’ நிகழ்வை மறிப்பது பாதுகாப்பு என்று சிலர் நினைக்கிறார்கள். பிரிட்டனின் தேசிய சைபர் பாதுகாப்பு மையம் 2017இல் நேர்மாறாகச் சொன்னது: ஒட்ட விடுங்கள், அப்போதுதான் மக்கள் கடவுச்சொல் மேலாளர்களைப் பயன்படுத்தி நீளமான, வெவ்வேறான கடவுச்சொற்களை வைத்துக்கொள்வார்கள். வங்கிக் கணக்கு எண்ணை இரண்டாம் முறை கேட்கும் பெட்டி வேறு விஷயம். முதல் பெட்டியில் இருந்த தவறையே நகலெடுத்து ஒட்டிவிடக் கூடாது என்பதற்காக அங்கே தடுப்பதில் ஓர் அர்த்தம் இருக்கிறது.

*இரண்டு முறை அழுத்துவது:* நெட் மெதுவாக இருக்கிறது. ‘பணம் செலுத்து’ பட்டனை அழுத்தியும் ஒன்றும் நடக்காதது போலத் தெரிகிறது. மறுபடி அழுத்துகிறீர்கள். பக்கத்தைப் பொறுத்தவரை அவை இரண்டு தனி நிகழ்வுகள். முதல் அழுத்தலிலேயே பட்டனை முடக்கி, ‘காத்திருக்கவும்’ என்று காட்டுவது படிவம் எழுதியவரின் கடமை. ஒரே கோரிக்கை இரண்டு முறை வந்தால் அடையாளம் கண்டு ஒன்றை ஒதுக்குவது சர்வரின் கடமை. இரண்டும் இல்லாத இடத்தில் இரண்டு முறை பணம் போக வாய்ப்பு இருக்கிறது.

சரி, அனுப்பும் முன்பே தகவலை எடுத்துக்கொள்கிறார்களா?

எடுக்கிறார்கள் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது.

பெல்ஜியத்தின் லூவன், நெதர்லாந்தின் ராட்பவுட், சுவிட்சர்லாந்தின் லோசான் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஆய்வாளர்கள், உலகின் முன்னணி 1,00,000 இணையதளங்களைத் தானியங்கி நிரல் மூலம் சோதித்தார்கள். முடிவுகள் 2022இல் வெளியாகின. படிவங்களில் மின்னஞ்சல் முகவரியை நிரப்பிவிட்டு, அனுப்பாமல் விட்டுவிடுவதுதான் சோதனை.

ஐரோப்பாவிலிருந்து பார்த்தபோது 1,844 தளங்களில், அனுப்பும் முன்பே அந்த முகவரி விளம்பர, கண்காணிப்பு நிறுவனங்களுக்குப் போனது. அமெரிக்காவிலிருந்து பார்த்தபோது 2,950 தளங்களில். அதாவது நூற்றுக்குக் கிட்டத்தட்ட இரண்டு, அங்கே மூன்று. 52 தளங்களில் கடவுச்சொல்லும் மூன்றாம் தரப்பு நிரல்களிடம் சிக்கியது. இது அந்தத் தளங்களின் நோக்கமாக இல்லாமல், பக்கத்தில் நடப்பதையெல்லாம் பதிவு செய்யும் நிரல்களின் பக்கவிளைவாக நடந்திருந்தது.

இந்த எண்களைப் படிக்கும்போது இரண்டு விஷயங்களை நினைவில் வைக்க வேண்டும். ஒன்று, ஆய்வு தேடியது மின்னஞ்சலையும் கடவுச்சொல்லையும் மட்டும்தான். மொபைல் எண் கணக்கில் இல்லை. இரண்டு, இந்தியாவிலிருந்து பார்த்தால் என்ன கிடைக்கும் என்பதை அது அளக்கவில்லை.

சில தளங்கள் முகவரியை அப்படியே அனுப்பாமல் ‘ஹாஷ்’ எனப்படும் சங்கேத வரிசையாக மாற்றி அனுப்புகின்றன. பார்க்கப் புரியாத எழுத்துகளாக இருக்கும். ஆனால் ஒரே முறையில் மாற்றினால் ஒரே முகவரிக்கு எல்லா இடத்திலும் ஒரே வரிசைதான் வரும். எனவே பத்து தளங்களில் உலாவிய நபர் ஒருவரே என்று கண்டுபிடிக்க அதுவே போதும்.

இது எப்படி முடிகிறது? நீங்கள் பார்க்கும் பக்கத்தில் அந்த நிறுவனம் எழுதிய ஸ்கிரிப்ட் மட்டும் ஓடுவதில்லை. விளம்பரத்துக்கு ஒன்று, பார்வையாளர் கணக்குக்கு ஒன்று, சாட் பெட்டிக்கு ஒன்று என்று வெளி நிறுவனங்களின் ஸ்கிரிப்டுகளும் சேர்ந்து ஓடுகின்றன. ஒரு பக்கத்தில் நேரடியாகச் சேர்க்கப்பட்ட எல்லா ஸ்கிரிப்டுகளுக்கும் ஒரே உரிமைதான். வீட்டுக்காரர் கேட்பதை வாடகைக்கு வந்தவரும் கேட்கலாம்.

அழுத்தும் நொடியில் நடந்த திருட்டு

2018 ஆகஸ்ட் 21 முதல் செப்டம்பர் 5 வரை பிரிட்டிஷ் ஏர்வேஸ் இணையதளத்திலும் செயலியிலும் டிக்கெட் எடுத்தவர்களின் கார்டு விவரங்கள் திருடுபோயின. தளத்தில் ஏற்கெனவே இருந்த ஒரு ஸ்கிரிப்ட் கோப்பின் கடைசியில் யாரோ 22 வரிகளைச் சேர்த்திருந்தார்கள் என்பதை ரிஸ்க்ஐக்யூ என்ற பாதுகாப்பு நிறுவனம் கண்டறிந்தது.

அந்த 22 வரிகள் செய்தது மிக எளிய வேலை. பணம் செலுத்தும் பட்டனில் இரண்டு நிகழ்வுகளுக்குக் காது வைத்தன: மவுஸ் பொத்தானிலிருந்து விரல் எடுக்கும் நொடி, தொடுதிரையிலிருந்து விரல் எடுக்கும் நொடி. அந்த நொடியில் படிவத்தில் இருந்த எல்லாவற்றையும் படித்து, விமான நிறுவனத்தின் பெயரைப் போலவே தோன்றும் வேறொரு முகவரிக்கு அனுப்பின. டிக்கெட் வழக்கம்போல உறுதியானது. பூட்டுச் சின்னம் வழக்கம்போல இருந்தது. பயணிக்குச் சந்தேகம் வர எதுவுமே இல்லை.

பாதிக்கப்பட்டவர்கள் 4 லட்சத்துக்கும் மேல். தகவலைப் பாதுகாக்கத் தவறியதற்காக 2020 அக்டோபரில் பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் அந்த நிறுவனத்துக்கு 2 கோடி பவுண்டு அபராதம் விதித்தது.

கார்டு எண் பெட்டிகளைப் பணப்பரிமாற்ற நிறுவனமே தரும் தனிச் சட்டத்துக்குள் வைக்கும் வழக்கம் இதனால்தான் முக்கியமாகிறது. பார்க்க ஒரே பக்கம் போல இருக்கும். ஆனால் வேறு முகவரியிலிருந்து வரும் அந்தச் சட்டத்துக்குள் நடக்கும் நிகழ்வுகள், வெளிப்பக்கத்தின் ஸ்கிரிப்டுகளுக்குக் கேட்காது. பிரவுசரே சுவர் எழுப்பிவிடுகிறது.

பக்கத்திலேயே சோதித்துவிட்டால் போதாதா?

போதாது. இது படிவம் எழுதப் பழகுபவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது. பிரவுசரில் ஓடும் சோதனை, பயன்படுத்துபவரின் கையில் இருக்கும் சோதனை. ஜாவாஸ்கிரிப்டை அணைத்துவிடலாம், நிரலை மாற்றலாம், படிவமே இல்லாமல் சர்வருக்கு நேரடியாகத் தகவல் அனுப்பலாம். விலையையோ தள்ளுபடியையோ பக்கத்துக்குள் மறைத்து வைத்து, திரும்பி வருவதை அப்படியே நம்பினால் கடை திவாலாகிவிடும். பிரவுசர் சோதனை பயனருக்குச் செய்யும் உதவி. உண்மையான காவல் சர்வரில்தான் இருக்க வேண்டும்.

இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது?

2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒப்புதல் எப்படி இருக்க வேண்டும் என்று வரையறுக்கிறது. அது சுதந்திரமாக, குறிப்பிட்ட காரியத்துக்காக, விவரம் தெரிந்து, நிபந்தனையில்லாமல், குழப்பத்துக்கு இடமில்லாமல், தெளிவான ஒரு செயலின் மூலம் தரப்பட வேண்டும். தரவைப் பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம். இதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாகின. நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் படிப்படியாக, 18 மாத அவகாசத்துடன் நடைமுறைக்கு வருகின்றன.

பெட்டியில் டைப் பண்ணுவது ‘தெளிவான செயல்’ ஆகுமா? டைப் பண்ணிவிட்டு அழித்தால்? குறிப்பிட்ட காரியத்துக்காக ஒருவர் தானாக முன்வந்து தந்த தகவலை அந்தக் காரியத்துக்குப் பயன்படுத்தச் சட்டம் தனியாகவும் இடம் தருகிறது. அனுப்பாத படிவத்துக்கு இது பொருந்தும் என்று நிறுவனங்கள் வாதாடலாம். ‘அனுப்பாததே என் பதில்’ என்று பயனரும் வாதாடலாம். பட்டன் அங்கே எதற்காக இருக்கிறது என்ற எளிய கேள்வி பயனரின் பக்கம் நிற்கிறது.

டிக் பெட்டியைப் பொறுத்தவரை நிலைமை இன்னும் தெளிவு. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30இல் 13 ஏமாற்று வடிவமைப்புகளைப் பட்டியலிட்டுத் தடை செய்தது. உங்கள் சம்மதம் இல்லாமல் கூடுதல் சேவையையோ நன்கொடையையோ பில்லில் சேர்ப்பது அதில் ஒன்று. முன்கூட்டியே டிக் போட்டு வைத்து அப்படிச் சேர்ப்பதும் இதில் அடங்கும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

கணினியில் குரோம் பிரவுசர் இருந்தால் நீங்களே சோதிக்கலாம். படிவம் உள்ள பக்கத்தைத் திறந்து எஃப்12 விசையை அழுத்துங்கள். ‘நெட்வொர்க்’ என்ற பகுதிக்குப் போங்கள். இப்போது மின்னஞ்சல் பெட்டியில் ஒரு கற்பனை முகவரியை டைப் பண்ணி, அடுத்த பெட்டிக்கு நகருங்கள். அனுப்ப வேண்டாம். பட்டியலில் புதிய வரி வந்தால் அதைக் கிளிக் செய்து ‘பேலோடு’ பகுதியைப் பாருங்கள். நீங்கள் அடித்த முகவரி அங்கே இருந்தால், அது ஏற்கெனவே பயணப்பட்டுவிட்டது. எல்லாப் புதிய வரியும் கசிவு என்று அர்த்தமில்லை. பின்கோடுக்கு ஊர்ப் பெயர் தேடுவதும் அப்படித்தான் தெரியும். எந்த முகவரிக்கு, எந்தத் தகவல் போகிறது என்பதே கேள்வி.

போனில் இவ்வளவு பார்ப்பது சிரமம். அங்கே சில பழக்கங்கள் உதவும்:

- விலை மட்டும் பார்க்கப் போகிறீர்கள் என்றால், மொபைல் எண்ணையும் மின்னஞ்சலையும் கடைசியாக நிரப்புங்கள். அவை இல்லாமலே விலை தெரிகிறதா என்று முதலில் பாருங்கள்.
- தவறான பெட்டியில் கடவுச்சொல்லை அடித்துவிட்டால், அழித்ததோடு விடாமல் கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள்.
- பணம் செலுத்தும் முன் டிக் பெட்டிகளையும் இறுதித் தொகையையும் ஒரு முறை பாருங்கள்.
- பணப் பக்கம் நின்றுபோனது போல இருந்தால் மறுபடி அழுத்தாமல், வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்ததா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். அனுப்பாத படிவத்தில் இருந்த உங்கள் எண் போயிருக்குமா? பல தளங்களில் போயிருக்காது. சிலவற்றில் போயிருக்கும். எது எந்த வகை என்று பக்கத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் இப்போதைக்குப் பாதுகாப்பான கணக்கு ஒன்றுதான்: பெட்டியில் எழுதியதை, கொடுத்ததாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.